குடும்பத்தோடு மலையில் ஓர் இரவு: எந்தத் தட்டு, எத்தனை கரண்டி?

நாகமலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில், சிறுமலையில் தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்துக்கு உரிய அனுமதியோடும் உள்ளூர் வழிகாட்டியோடும் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி, அங்கே ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, மறுநாள் இறங்குவதாக இருக்கிறோம். நான், மனைவி, பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், அறுபதைக் கடந்த என் தாயார் என ஐவர். அம்மா அழகர்கோயிலுக்குப் போனால் நூபுர கங்கை வரை இன்றும் நடந்தே ஏறுபவர் என்பதால் அவரைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் சுமை முழுவதும் எங்கள் இருவர் முதுகில்தான்.

கூடாரம், போர்வை எல்லாம் முடிவாகிவிட்டன. தட்டு, கரண்டி விஷயத்தில்தான் நிற்கிறேன். வீட்டில் புழங்கும் பெரிய எவர்சில்வர் தட்டு ஒன்றே ஏறத்தாழ 350 கிராம் நிற்கிறது. இணையத்தில் தேடினால் மடிக்கும் சிலிக்கோன் கிண்ணம், டைட்டானியம் கரண்டி, மூங்கில் நார்த் தட்டு என்று வரிசையாக வருகின்றன. முதல் நாள் மதியம் வழியில் கட்டுச்சோறு, இரவு தோட்டத்துச் சமையலறையில் ரசமும் பருப்புச்சோறும், காலையில் அவல் உப்புமா, இறங்கும் வழியில் மீண்டும் கட்டுச்சோறு என்பதே சாப்பாட்டுத் திட்டம். தூக்கி எறியும் தட்டு வேண்டாம் என்பதில் மனைவி உறுதியாக இருக்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எடைத்தராசு எழுதியது:

பாத்திர வணிகத்தில் இருப்பவன் என்பதால் எடையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு தட்டின் எடையை அதன் உலோகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. விட்டமும், விளிம்பின் உயரமும், தகட்டின் கனமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. உங்கள் 350 கிராம் தட்டு விருந்தினருக்காகச் செய்யப்பட்ட கனத் தகடாக இருக்கும். மலைக்கு அது தேவையில்லை.

20 சென்டிமீட்டர் விட்டமும் 4 சென்டிமீட்டர் விளிம்பும் உள்ள ஒரு வட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 0.4 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டில் செய்தால் கணக்குப்படி சுமார் 180 கிராம் வரும். அலுமினியம் மென்மையானது என்பதால் இரு மடங்கு கனத்தில், அதாவது 0.8 மில்லிமீட்டரில் செய்ய வேண்டும். அப்படியும் 120 கிராம்தான். டைட்டானியத்தில் 100 கிராம். பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் 75 கிராம். ஆக, மிகக் கனமானதற்கும் மிக இலேசானதற்கும் இடையில் ஒரு தட்டுக்கு நூறு கிராம் வேறுபாடு, ஐந்து பேருக்கு அரைக் கிலோ. அந்த அரைக் கிலோவுக்காக எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. தட்டையான தட்டை வாங்க வேண்டாம். பாறைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடும்போது தட்டு ஒருபோதும் சமமாக நிற்காது. ரசம் ஊற்றினால் கால்பங்கு மண்ணுக்குத்தான். நம் பாட்டிமார்கள் கஞ்சிக்குக் கும்பா வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது. கும்பா அளவுக்கு ஆழம் வேண்டாம். உயர்ந்த விளிம்புள்ள வட்டில் போதும், ஆளுக்கு ஒன்று மட்டும். தனியாகக் கிண்ணம் எதுவும் வேண்டியதில்லை.

குறிஞ்சிநிலம் எழுதியது:

கணக்கு சரியாக இருக்கிறது, ஐயா. ஆனால் மலையேறுபவர்கள் அரைக் கிலோவை அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கூடாரத்தில் அரைக் கிலோ, பையில் அரைக் கிலோ, தட்டில் அரைக் கிலோ என்று சேர்ந்துதான் இறுதியில் முழங்காலை வாங்குகிறது. என் பரிந்துரை பாலிபுரொப்பிலீன் வட்டில்கள்தாம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது அந்த வகை. சுமார் 160 டிகிரியில்தான் உருகும் என்பதால் கொதிக்கும் ரசத்தைத் தாங்கும், கீழே விழுந்தாலும் நெளியாது, பிள்ளைகளின் கையையும் சுடாது. மடிக்கும் சிலிக்கோன் கிண்ணம் பைக்குள் இடத்தைத்தான் மிச்சப்படுத்துமே தவிர எடையை அவ்வளவாகக் குறைக்காது. நிறையச் சோறு வைத்து ஒரு கையால் தூக்கினால் அதன் வயிறு மடங்கிவிடும்.

கரண்டிக்கு டைட்டானியம் நல்லது. ஒன்று இருபது கிராமுக்குள் முடிந்துவிடும். விலைதான் கசக்கும்.

மேலூர்க்காரி எழுதியது:

இருவருமே தட்டைக் காலியாக எடை போட்டிருக்கிறீர்கள். சாப்பிட்டு முடித்த தட்டை யாரும் எடை போடவில்லையே!

புளியோதரையும் நல்லெண்ணெயும் பட்ட ஒரு தட்டைச் சோப்பு இல்லாமல் ஓரளவு கழுவ, எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் கால் லிட்டர் தண்ணீர் ஆகும். ஐந்து தட்டுகள், வழியில் இரண்டு வேளைகள் என்றால் இரண்டரை லிட்டர், அதாவது இரண்டரைக் கிலோ. தட்டுகளுக்கு இடையிலான உங்கள் அரைக் கிலோ வேறுபாட்டைப் போல ஐந்து மடங்கு. யானைமலை, நாகமலை போன்ற நம் பக்கத்துக் குன்றுகளில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குடிக்கிற தண்ணீரையே மேலே சுமந்துதான் போக வேண்டும். சிறுமலைப் பாதையிலும் வழியில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஆகவே எந்தத் தட்டு இலேசு என்பதைவிட, எந்தத் தட்டைக் கழுவாமல் இருக்கலாம் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

குறிஞ்சிநிலம் தம்பி பரிந்துரைக்கும் பிளாஸ்டிக் இந்த இடத்தில்தான் தோற்கிறது. குளிர்ந்த நீரில் எண்ணெய்ப் பிசுக்கு அதை விட்டு எளிதில் போவதில்லை, மஞ்சள் கறையும் ஏறிவிடும். எவர்சில்வரை ஒரு துண்டுத் துணியால் துடைத்தாலே பாதி சுத்தமாகிவிடுகிறது. என் மாமியார் சாப்பிட்டு முடிந்ததும் தட்டில் ஒரு மிடறு தண்ணீர் ஊற்றி, விரலால் சுற்றித் துழாவி, அதையும் குடித்துவிடுவார். சிறு வயதில் பஞ்சத்தைப் பார்த்தவர்களின் பழக்கம் அது. மலையில் அதைவிடச் சிறந்த பாத்திரம் கழுவும் முறையை நான் பார்த்ததில்லை.

நாகமலைவாசி எழுதியது:

அக்கா சொன்ன கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. தோட்டத்தில் கிணறு இருக்கிறது, எனவே இரவிலும் காலையிலும் கழுவுவதில் சிக்கல் இல்லை. வழியில் உண்ணும் இரண்டு மதியங்கள்தாம் பிரச்சினை. அப்படியானால் அந்த இரண்டு வேளைகளுக்குத் தட்டே வேண்டாமா? கட்டுச்சோற்றை அப்படியே இலைப் பொட்டலமாகக் கட்டிப் போனால் போதுமா?

சோழவந்தான் தோட்டம் எழுதியது:

போதும். ஆனால் இலையைப் பக்குவமாக எடுத்துப் போக வேண்டும். வாழைத் தோட்டக்காரன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலைக்கு ஏற்றவை பூவனும் மொந்தனும். பெரிய தலைவாழை இலை வேண்டாம். நடு நரம்பை நீக்கிவிட்டு, இருபுறமும் சாண் அளவுக்குச் சற்று மேலாகச் சதுரமாக நறுக்கிக்கொள்ளுங்கள். வீட்டு அடுப்பின் தணலுக்கு மேல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெல்ல நகர்த்தி வாட்டினால் இலையின் நிறம் கருமை கலந்த பச்சையாக மாறி, மேலே மினுமினுப்பு வரும். அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு இலை துணி போல மடியும். வாட்டாத இலை மடித்த இடத்தில் கிழிந்துவிடும், பொட்டலம் கட்ட உதவாது.

வாழையிலையின் கிளை நரம்புகள் எல்லாம் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில் இணையாக ஓடுகின்றன. இலை கிழிவதும் அந்தத் திசையில்தான். ஆகவே இரண்டு துண்டுகளை ஒன்றின் நரம்புக்கு மற்றொன்றின் நரம்பு குறுக்காக வரும்படி வைத்துச் சோற்றைக் கட்டுங்கள். எண்ணெய் கசியாது, பிரித்ததும் அதுவே தட்டாகவும் விரிந்துகொள்ளும். மறுநாளுக்கான இலைகளை வாட்டி, ஈரம் துடைத்து, சுருட்டி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் தாங்கும். கட்டுச்சோற்றுக்குத் தயிர்ச்சோறு மட்டும் வேண்டாம். அது இலையை ஊறவைத்துவிடும்.

முக்கியமான ஒன்று உண்டு. பச்சை இலையாக மலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். சிறுமலை வாழையும் விருப்பாட்சி வாழையும் புவிசார் குறியீடு பெற்றவை. முடிக்கொத்து நோய் அந்த மலைவாழைகளைப் பெருமளவில் அழித்த வரலாறு உண்டு. அந்த நோயின் வைரசை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குச் சுமப்பது அசுவினிப் பூச்சி. சமவெளி இலையோடு ஒரே ஒரு பூச்சி மேலே போனாலும் விவசாயிக்கு நல்லதல்ல. அனலில் வாட்டிய இலையில் பூச்சி உயிரோடு இருக்காது. தோட்டத்து மரங்களில் இலை அறுக்கவும் வேண்டாம், அவை பழத்துக்காக வளர்க்கப்படுபவை.

குறிஞ்சிநிலம் எழுதியது:

இலை விஷயத்தில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள், அக்கா. அதோடு இரண்டை மட்டும் சேர்க்கிறேன். இலையை வாட்டும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காட்டுப்பாதையில் அடுப்போ தீக்குச்சியோ எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக் கூடாது.

அடுத்தது, சாப்பிட்ட இலை மட்கிவிடும்தானே என்று புதரில் வீசக் கூடாது. இலை மட்கும், ஆனால் அதற்குள் உப்பும் சோற்றுப் பருக்கையும் குரங்கையும் காட்டுப்பன்றியையும் காட்டுமாட்டையும் பாதைக்கு அழைத்து வந்துவிடும். அழகர்மலைக் குரங்குகள் மனிதர் கைப்பையைக் கண்டால் என்ன செய்கின்றன என்பதைத் தாயாரிடமே கேட்டுப் பாருங்கள். சோற்றின் பழக்கத்தால் வந்த தைரியம் அது. சாப்பிட்ட இலைகளை மடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஆய்வகம் எழுதியது:

பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள். பொருள்களைப் பற்றி இங்கே விடுபட்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

அலுமினிய வட்டில் இலேசானது, விலையும் குறைவு. ஆனால் புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர் போன்ற புளிப்புகளோடு நீண்ட நேரம் இருந்தால் அலுமினியம் கரைந்து உணவில் கலக்கும், சுவையும் மாறும். பரிமாறி உடனே உண்பதற்குப் பாதகமில்லை. புளியோதரையை விடியற்காலையில் அலுமினியச் சம்படத்தில் அடைத்து மதியம் திறப்பதுதான் தவறு. மேற்பரப்பைக் கடினப்படுத்திய சாம்பல் நிற அலுமினியப் பாத்திரங்களுக்கு இந்தக் குறை பெரிதாக இல்லை. மற்றொரு குறை வெப்பம். அலுமினியம் எவர்சில்வரைப் போல ஏறத்தாழ 15 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சூடான ரசத்தை ஊற்றினால் விளிம்பு வரை உடனே சுடும். ஏழு வயதுப் பிள்ளையின் மடியில் அதை வைக்க வேண்டாம்.

மெலமைன் தட்டுகள் அழகாக இருந்தாலும் 70 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், குறிப்பாகப் புளிப்பான உணவில், மெலமைனும் பார்மால்டிகைடும் கசியக்கூடும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் எச்சரித்திருக்கிறது. கொதித்து இறக்கிய ரசம் அந்த வரம்பைத் தாண்டும். மூங்கில் நார்த் தட்டு என்று விற்கப்படுபவற்றில் பலவும் மூங்கில் பொடியை இதே மெலமைன் பிசினில் கலந்து வார்த்தவையே. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அவற்றைச் சந்தையிலிருந்து அகற்ற நடவடிக்கை எடுத்தது. இயற்கை என்ற பெயருக்காக யாரும் ஏமாற வேண்டாம்.

பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் தெர்மோகோல் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை என்பதால் அவற்றைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. பாக்குமட்டைத் தட்டை யாராவது பரிந்துரைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அது மட்கும், உறுதியானது, ஆனால் ஒன்றுக்குள் ஒன்று நெருங்கி அடங்காது. பாக்கில் உள்ள ஆல்கலாய்டு என்னும் வேதிப்பொருள்கள் உணவில் கலக்கக்கூடும் என்று கூறி 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. எப்போதாவது ஒரு விருந்தில் உண்பதைப் பற்றி நான் அஞ்ச மாட்டேன். பிள்ளைகளுக்கென்று தேர்ந்தெடுத்து வாங்கவும் மாட்டேன்.

நாகமலைவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மதியங்களுக்கு வாட்டிய இலை, இரவுக்கும் காலைக்கும் ஆளுக்கொரு மெல்லிய எவர்சில்வர் வட்டில் என்று மனம் சாய்கிறது. கரண்டியைப் பற்றித்தான் இன்னும் தெளிவு இல்லை. நாங்கள் கையால் உண்பவர்கள். மகன் மட்டும் சூடான உப்புமாவுக்குக் கரண்டி கேட்பான். அவனுக்கு ஒன்று, பரிமாற ஒன்று, பழம் நறுக்க ஒரு மடக்குக் கத்தி. இவ்வளவு போதாதா?

குறிஞ்சிநிலம் எழுதியது:

போதாது, அண்ணன். அக்கா தட்டு கழுவும் தண்ணீரைக் கணக்கிட்டார். கை கழுவும் தண்ணீரை யார் கணக்கிடுவது? எண்ணெய்ச் சோறு உண்ட கையை ஐந்து பேர் கழுவ, ஆளுக்கு நூறு மில்லி என்றாலும் வேளைக்கு அரை லிட்டர். கரண்டியால் உண்டால் அதைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிடலாம். ஐந்து இலேசான கரண்டிகள் சேர்ந்து நூறு கிராம்தான் வரும்.

மேலூர்க்காரி எழுதியது:

நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிதான் சரி. உண்பதற்கு முன் கை கழுவுவதைக் கரண்டி இருந்தாலும் தவிர்க்க முடியாது. பாறையையும் மரத்தையும் செருப்பு வாரையும் பிடித்த கை, இடையில் ஒதுங்கிவிட்டு வந்த கை. பொட்டலத்தைப் பிரிப்பதும் அதே கைதானே. வயிற்றுப்போக்கோடு மலையிறங்குவதைப் போன்ற துன்பம் வேறில்லை. எனவே முன் கழுவலுக்குச் சோப்பும் தண்ணீரும் கட்டாயம். மிச்சமாவது பின் கழுவல் மட்டுமே. இலையில் கட்டிய புளியோதரையைக் கரண்டியால் குத்தினால் வாட்டிய இலை கிழியும் என்பதையும் பாருங்கள். உலோகக் கரண்டி வேண்டாம், முள் வைத்த கரண்டி அறவே வேண்டாம்.

வேண்டுமானால் கட்டுச்சோற்றையே உருண்டைகளாகப் பிடித்துக் கட்டிவிடுங்கள். ஐந்து விரலும் எண்ணெயில் முங்காது, ஓர் ஈரத்துணி போதும். பிடித்து வைத்த எலுமிச்சைச் சோறும் ஊறுகாய் வைத்து மடித்த சப்பாத்தியும் அதற்குப் பொருத்தம். பிள்ளைகளுக்கும் அது விளையாட்டாக இருக்கும்.

குறிஞ்சிநிலம் எழுதியது:

உருண்டை என்று சொன்னதும் எனக்குப் பசிக்கிறது. சரி, கரண்டிகளை மூன்றாகக் குறைத்துக்கொள்கிறேன், பிள்ளைகள் இருவருக்கும் தாயாருக்கும். காலையில் உப்புமா சூடாக இருக்கும், அந்த வயதில் விரலைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். பிளாஸ்டிக் கரண்டியாக இருந்தால் கழுத்துப் பகுதி தடித்திருக்கிறதா என்று வளைத்துப் பார்த்து வாங்குங்கள். முறிவது எப்போதும் அங்கேதான். அதைவிட, வீட்டில் இருக்கும் மெல்லிய எவர்சில்வர் தேநீர்க்கரண்டிகளே போதும். குழந்தை வாய்க்கு அளவும் சரியாக இருக்கும். பரிமாற நீண்ட காம்புள்ள கரண்டி தோட்டத்துச் சமையலறையிலேயே இருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுங்கள்.

ஆய்வகம் எழுதியது:

தோட்டத்தில் பாத்திரம் கழுவும்போது கிணற்றடியிலேயே கழுவ வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையேறுபவர்கள் பின்பற்றும் பொதுவிதி, நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி என்பது. தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும் போதும். சாம்பலின் காரம் எண்ணெயை இளக்கும், நாருக்கு மீதம் வேலை. கழுவிய நீரை ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாக வீசி ஊற்றுங்கள்.

எடைத்தராசு எழுதியது:

வட்டில் வாங்கப் போகும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய தகட்டில் விளிம்பு உருட்டி மடித்திருக்க வேண்டும். வெட்டி விட்டதாக இருந்தால் பிள்ளைகளின் உதட்டையும் கூடாரத் துணியையும் கிழிக்கும். இரு கையாலும் விளிம்பைப் பிடித்து இலேசாக முறுக்கிப் பாருங்கள், டப்பென்று ஓசை வந்து அடிப்பகுதி உப்பிக்கொண்டால் அந்தத் தகடு அளவுக்கு மீறி மெலிந்தது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று நினைத்து, அதைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. காந்தம் ஒட்டாத மட்டத் தரமும் சந்தையில் இருப்பதால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். 304 என்ற எவர்சில்வர் தர எண் முத்திரையிட்டதைக் கேட்டு வாங்குங்கள். தட்டு வாங்கும்போது தராசில் வைத்துக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள், பாத்திரக் கடையில் அது வழக்கம்தான்.

எத்தனை மில்லிமீட்டர் என்பதற்கு நிகராக இன்னொரு அளவும் உண்டு. சோறு எடுத்துப் போகும் தூக்குவாளியையும் கூடவே கொண்டு வாருங்கள். ஐந்து வட்டில்களும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, அந்தத் தூக்குவாளிக்குள்ளோ அதன் மூடிமேலோ உட்கார வேண்டும். இடையில் ஒரு கைத்துண்டை மடித்து வைத்தால் நடக்கும்போது சலசலக்காது, இரவில் அதுவே தட்டுத் துடைக்கவும் ஆகும். வாளிக்குள் அடங்காத வட்டில் எவ்வளவு இலேசாக இருந்தாலும் பையின் வெளிப்புறத்தில் கட்டித் தொங்கவிட வேண்டி வரும், முதல் முட்புதரிலேயே மாட்டிக்கொள்ளும்.